நண்பகலும் உச்சி வெயிலும்

(சங்கத்தின் பாலக்காடு குடும்ப சங்கமத்தில் "நண்பகல் நேரத்து மயக்கம்" திரைப்படம் காட்டப்பட்ட பிறகு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மாமா, படம் ஒண்ணேமுக்கால் மணி நேரம். அப்புறம் நீங்க இருபது நிமிஷம் பேசுங்கோ. அதுக்கு மேல போனா சாம்பார் ஆறிப்போயிடும்." ஆகையால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டபோது கூடத்தில் ஒரு நிமிஷம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு மாமி பக்கத்து மாமியிடம், "அந்தப் பொண்டாட்டிகள் ரெண்டு பேர் கதி என்ன?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் தயார் செய்து வந்திருந்த குறிப்பில் பாதிக்கு மேல் நடிகரைப் பற்றியும் இயக்குநரைப் பற்றியும்தான் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுவிட்டேன். அந்த மாமியின் கேள்விதான் இந்தப் படத்தின் சாரம் என்று எனக்குப் படுகிறது.

இங்கே இருப்பவர்கள் படத்தை இப்போதுதான் பார்த்தீர்கள். ஆனால் இந்த உரை நம் பத்திரிகையில் வரும்போது மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் இருக்கிற அங்கத்தினர்கள் படிப்பார்கள். அவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூவாற்றுப்புழைப் பக்கத்து நாடகக் குழு ஒன்று குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வேனில் திரும்பி வருகிறது. குழுவின் தலைவர் ஜேம்ஸ். கறாரான மனுஷர், காசில் கெட்டி. தமிழ்நாட்டுச் சாப்பாடு பிடிக்காது, வண்டியில் தமிழ்ப் பாட்டுப் போட்டாலும் பிடிக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கண்ணயர்ந்திருக்கும் வேளையில் ஜேம்ஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். சோளக் கொல்லைகள் வழியாக நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். நேரே ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கொடியில் கிடந்த லுங்கியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். மாட்டுக்குத் தீவனம் போடுகிறார். சுத்தமான கிராமத்துத் தமிழில் பேச ஆரம்பிக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளை சுந்தரம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனவன். இப்போது ஜேம்ஸ்தான் சுந்தரம்.

மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்திருக்கும்போது அவர் பழையபடி ஜேம்ஸ் ஆகிவிடுகிறார். வண்டி ஏறிப் போய்விடுகிறார்கள். இவ்வளவுதான் கதை. ஏன் இப்படி ஆயிற்று, ஆவி புகுந்ததா, மனக் கோளாறா, கனவா என்று படம் எங்கேயும் விளக்கம் சொல்லவில்லை.

இயக்கியவர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி, திரைக்கதை எஸ். ஹரீஷ், ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் சர்வதேசத் திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள். 2023 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டுக்கான கேரள அரசு விருதுகளில் சிறந்த படம் என்ற விருது இதற்கும், சிறந்த நடிகர் விருது மம்மூட்டிக்கும் கிடைத்தன. சுந்தரத்தின் தகப்பனாராக நடித்த 'பூ' ராமு படம் வெளிவருவதற்கு முன்பே, 2022 ஜூனில், காலமாகிவிட்டார். பின்னணி இசை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீடுகளில் ஓடும் டிவியிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் வரும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும்தான் படம் முழுக்கக் கேட்கிறது. நம்மில் பலர் உதடு அசைத்துக் கூடவே பாடியதை நான் கவனித்தேன்!

படம் எடுத்தது பழனிப் பக்கத்துக் கிராமத்தில். பழனி நமக்கு வெளியூர் இல்லை. பாலக்காட்டிலிருந்து காவடி எடுத்துப் போகாத குடும்பம் குறைவு. பழனியிலிருந்து மேற்கே வர நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகக் கணவாயில் இறங்கினால் பாலக்காடு. உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே திரும்பிச் சின்னாறு சோதனைச் சாவடி தாண்டி மறையூர், மூணாறு என்று ஏறினால் இடுக்கி. இந்த இரண்டு வழியிலும் எங்கே தமிழ் முடிகிறது, எங்கே மலையாளம் ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்க முடியாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை பாலக்காடே சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவில்தான் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் எந்த மாநிலத்துக்கு என்று அப்போது நடந்த தகராறு பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாமும் ஆத்தில் தமிழ் பேசி, தெருவில் மலையாளம் பேசி, இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றையும் பேசுகிறவர்கள். ஆகையால் ஜேம்ஸ் சட்டென்று தமிழுக்கு மாறியபோது திருவனந்தபுரத்துக்காரர் ஆச்சரியப்பட்டிருப்பார். நாம் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. படத்தின் பெயரையே பாருங்கள், இரண்டு பாஷைக்காரருக்கும் அர்த்தம் சொல்லாமலே புரிகிறது.

சரி, மாமி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சுந்தரத்தின் மனைவி பூங்குழலி. புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இறந்தானா, இருக்கிறானா, தெரியாது. திடீரென்று ஒரு அந்நிய மனுஷர் வந்து புருஷன் மாதிரியே நடக்கிறார், பேசுகிறார், வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. முகம் மட்டும் வேறு. அவளால் வா என்றும் சொல்ல முடியவில்லை, போ என்றும் சொல்ல முடியவில்லை. அவளுடைய மகளோ, இவர் என் அப்பா இல்லை என்று ஒரேயடியாக விலகி நிற்கிறாள்.

அதே வாசலில் ஜேம்ஸின் மனைவி சாலி நிற்கிறாள், பிள்ளையோடு. அவள் புருஷன் கண்ணெதிரே நடமாடுகிறார். ஆனால் அவளை யார் என்றே தெரியவில்லை. அவளுக்குப் புரியாத அளவுக்கு வேறு பாஷை, வேறு மனைவி, வேறு வீடு.

அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் இருந்த பாலின் பாஸ் என்ற பேராசிரியை இந்த மாதிரி துக்கத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் மனைவிமார்களை 1970-களில் சந்தித்துப் பேசியதிலிருந்து அவருடைய வேலை ஆரம்பித்தது. இறந்துபோனால் அழுகிறோம், காரியம் செய்கிறோம், பத்து, பதிமூன்று என்று நாள் நகர்கிறது, ஊரும் உறவும் கூட நிற்கிறது. ஆனால் முடிவு தெரியாத இழப்புக்கு அழுவதற்கும் ஒரு நாள் கிடையாது, காரியத்துக்கும் ஒரு நாள் கிடையாது. அதனால் அது ஆறாமலே நிற்கிறது என்கிறார். அந்த இழப்பில் அவர் இரண்டு வகை சொல்கிறார். ஆள் இல்லை, ஆனால் மனசிலிருந்து போகவில்லை: இது காணாமல் போனவர் வீட்டுத் துக்கம். ஆள் இருக்கிறார், ஆனால் மனசு இங்கே இல்லை: இது ஞாபக மறதி நோய் வந்தவர் வீட்டுத் துக்கம்.

இப்போது அந்த வாசலை மறுபடி நினைத்துப் பாருங்கள். முதல் வகை பூங்குழலி, இரண்டாவது வகை சாலி. இரண்டு துக்கமும் ஒரே மனுஷரைச் சுற்றி, ஒரே வாசலில் நிற்கின்றன. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளவில்லை. சினிமாவில் வழக்கமாக வரும் சக்களத்திச் சண்டை இங்கே கிடையாது.

குடும்பத்தில் ஒரே ஒருவருக்குத்தான் சந்தேகம் வரவில்லை. சுந்தரத்தின் அம்மா. கண் தெரியாதவள், நாள் பூராவும் டிவியின் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவள். பிள்ளை வந்துவிட்டான், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு முகம் இடைஞ்சலாக இருக்கிறது, அவளுக்கு இல்லை. அந்தப் பிள்ளை அம்மா மடியில் தலை வைத்துப் படுக்கிற காட்சியில் கூடத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எல்லாம் மாமிகள் என்று நினைக்க வேண்டாம்.

நம் சாஸ்திரத்திலும் இந்தப் பிரச்சினைக்கு ஏற்பாடு உண்டு. காணாமல் போனவரைப் பற்றித் தகவலே இல்லாமல் பன்னிரண்டு வருஷம் ஆனால், பலாச இலையாலும் தர்ப்பையாலும் உருவம் செய்து சம்ஸ்காரம் செய்யலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சர்க்கார் சட்டத்தில் கணக்கு 7 வருஷம். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. கணக்கு வேண்டும்தான். சொத்து, பென்ஷன், மறுவிவாகம் எல்லாவற்றுக்கும் ஒரு தேதி வேண்டுமே. ஆனால் காத்திருக்கிறவளுக்கு அந்தத் தேதி எப்படி இருக்கும் என்று எங்கள் குடும்பத்திலேயே ஒரு உதாரணம் உண்டு.

என் தகப்பனாரின் அத்தை, எங்களுக்கு அத்தைப்பாட்டி. அவருடைய ஆத்துக்காரர் ரங்கூனில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் நகரமே அவன் கையில் விழுந்தது. அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை வழியாக நடந்தே அஸ்ஸாமுக்கும் சிட்டகாங்குக்கும் வந்தார்கள். வழியிலேயே போய்விட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஊர் வந்து சேர்ந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தாகிவிட்டது. அவரைக் கடைசியாகப் பார்த்தவர் என்று ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

1954-இல் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. கிராமத்துப் பெரியவர்கள் திண்ணையில் கூடிப் பேசினார்கள். அவர்கள் பேசியதன் அர்த்தம் இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். காரியம் செய்துவிட்டால் அன்றைக்கே குங்குமம் போகும், திருமாங்கல்யம் போகும், அந்தக் காலத்து வழக்கப்படி தலையும் போகும். அத்தைப்பாட்டிக்கு அப்போது முப்பத்தைந்து வயசு இருக்கும். உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டு, "கணக்கு உங்களோடது. காத்துண்டிருக்கறது நான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அப்பா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் அதற்கு மேல் பேசவில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு அவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. சோகமே உருவான பாட்டி இல்லை. எங்களோடு சொக்கட்டான் ஆடுவார், தோற்றால் ஒத்துக்கொள்ள மாட்டார், கல்பாத்தித் தேருக்கு எங்களைக் கைபிடித்து அழைத்துப் போவார். 1974-இல் காலமானார். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே முப்பத்திரண்டு வேஷ்டிகள் இருந்தன, எல்லாம் ஒன்பது அஞ்சு. 1942 தீபாவளியிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக வாங்கி வைத்திருக்கிறார். அடியில் இருந்தவை மஞ்சளாகி மடிப்பில் இற்றுப்போயிருந்தன. மேலே இருந்தவை கடைக் கஞ்சி போகாமல் இருந்தன. இதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அம்மாதான் சொன்னாள்: "அவருக்குன்னு வாங்கினது. பொட்டியிலேயே இருந்தா அவருக்கும் இல்லே, யாருக்கும் இல்லே." அடுத்த வருஷம் என் தம்பியின் பூணூலுக்கு வந்த வைதிகர்களுக்கு நல்ல வேஷ்டிகளை அத்தைப்பாட்டியின் ஆத்துக்காரர் பெயரைச் சொல்லியே கொடுத்தோம். அவர் பெயரை எங்கள் ஆத்தில் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாலின் பாஸ் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. காத்திருக்கிறவரிடம் போய், "மறந்துடு, முடிச்சுடு" என்று சொல்லாதீர்கள் என்கிறார். அவர் போயிருக்கலாம், திரும்பியும் வரலாம் என்ற இரண்டு நினைப்பையும் ஒருசேர வைத்துக்கொண்டு, அன்றாட வாழ்க்கையையும் நடத்த ஒருவரால் முடியும், அதற்குச் சுற்றி இருப்பவர்கள் பேச இடம் கொடுத்தால் போதும் என்கிறார். அத்தைப்பாட்டி சொக்கட்டானும் ஆடினார், வேஷ்டியும் வாங்கினார். பேசுவதற்குத்தான் எங்கள் ஆத்தில் யாரும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

இங்கே இன்னொரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எடுத்தவர் நம் ஊர்க்காரர். கே.எஸ். சேதுமாதவன் 1931-இல் பாலக்காட்டில் பிறந்தவர், இங்கே விக்டோரியா கல்லூரியில் படித்தவர், 2021 டிசம்பரில் சென்னையில் காலமானார். மலையாளத்தில் "ஓடயில் நின்னு", "சட்டக்காரி", "ஓப்போள்" எல்லாம் அவர் எடுத்தவைதான். தமிழில் அவர் எடுத்த "மறுபக்கம்" 38-ஆவது தேசிய விருதுகளில் தங்கத் தாமரை வாங்கியது. தேசத்தின் சிறந்த படம் என்ற அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான். இந்திரா பார்த்தசாரதியின் "உச்சி வெயில்" என்ற கதையை வைத்து எடுத்தது. ஒன்று நண்பகல் மயக்கம், இன்னொன்று உச்சி வெயில். நிழலே விழாத நேரத்தில் குடும்பத்தை நிறுத்திப் பார்க்கிற இரண்டு படங்கள்.

"மறுபக்கம்" நம்மவர் குடும்பத்துக் கதை. கும்பகோணத்தில் வேம்பு ஐயர், சிவகுமார் நடித்தது. பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பிள்ளை அம்பி தில்லியிலிருந்து வருகிறான். அவன் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை விவாகம் செய்துகொள்ளப் போகிறான். அதனால்தான் அப்பா படுத்துவிட்டாரோ என்று அவனுக்கு மனசு குத்துகிறது. அம்மா ஜானகியிடம் கேட்கிறான். அப்போதுதான் அவள் சொல்கிறாள், அப்பாவின் வியாதிக்கு வேர் நீ இல்லை, அவயம் என்று. அவயம் வேம்பு ஐயரின் முதல் மனைவி. மாமியார் அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டாள். அம்மா பேச்சைத் தட்டத் தெரியாத பிள்ளை வாயே திறக்கவில்லை. இரண்டாவதாக ஜானகியை விவாகம் செய்துவைத்தார்கள். அம்மா போன பிறகு நிலத்தையெல்லாம் அவயத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டு ஊரை விட்டு வந்தார். நிலம் போயிற்று, குற்றம் போகவில்லை.

அம்பி இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறான். ஜானகி கேட்கவில்லை. போய் அந்தப் பெண்ணை விவாகம் செய்துகொள் என்று அனுப்பிவைக்கிறாள். ஒரு பெண்ணைக் கைவிட்டுவிட்டு ஒரு மனுஷர் ஆயுள் பூராவும் என்ன பாடுபட்டார் என்று கூட இருந்து பார்த்தவள் அவள். இன்னொரு பெண்ணுக்கு அது நேர வேண்டாம் என்கிறாள். ஜயபாரதி நடித்த அந்தப் பாத்திரம்தான் படத்தைத் தாங்குகிறது.

சுந்தரம் எப்படிப் போனான் என்று யாருக்கும் தெரியாது. அவயம் எப்படிப் போனாள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. இரண்டில் எது கொடுமை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நம் சமூகம் புறப்பட்டுப் போவதிலேயே வளர்ந்த சமூகம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கணவாய் வழியாகப் பாலக்காட்டுக்கு வந்தோம். இங்கிருந்து ரங்கூன், கொழும்பு, பம்பாய், தில்லி, பிறகு துபாய், நியூ ஜெர்ஸி. போனவர்கள் கதையை நாம் நன்றாகவே எழுதி வைத்திருக்கிறோம். இந்தப் பத்திரிகையில் வரும் பாராட்டு விழாச் செய்திகள் எல்லாம் அதுதான். காத்திருந்தவர்கள் கதை எங்கேயும் வருவதில்லை. கல்பாத்திக் கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்து, பொன்னும் கொடுத்துக் கோவில் கட்டச் சொன்னவர் லக்ஷ்மி அம்மாள் என்ற விதவை என்பது கோவில் வரலாறு. தேர் பார்க்க வருகிற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி கேரளத்தில் அறுபது வயசுக்கு மேற்பட்டவர்கள் 100-க்கு 12.6 பேர். தேசம் முழுவதற்கும் 8.6. அப்போதே மாநிலங்களில் முதலிடம் கேரளம்தான். நம் கிராமங்களில் நடந்து பார்த்தால் இந்தக் கணக்கு தேவையில்லை, திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அவர்களில் சிலருக்கு மறதி நோய் வந்துவிட்டது. 2005-இல் பிளெஸ்ஸி எடுத்த "தன்மாத்ரா" படத்தில் மோகன்லால் அந்த நோயாளியாக நடித்த பிறகுதான் பல குடும்பங்களில் இதற்குப் பெயர் அல்சைமர் என்றே தெரிந்தது. 1992-லேயே கேரளத்தில் இதற்காக ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த வீடுகளில் சாலிகள் இருக்கிறார்கள். "யாருடி நீ?" என்று கேட்கிற புருஷருக்குச் சாதம் பிசைந்து ஊட்டுகிற மாமிகள். அம்மாவை மூன்று வருஷமாக ஒரு நாள் கூட விட்டுப் பிரியாத நாட்டுப்பெண்கள். வெளியூரிலிருந்து போன் செய்கிற நாம், "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்கிறோம். "நீ எப்படி இருக்கே?" என்று அவளைக் கேட்பதில்லை.

ஆகையால் மூன்று விண்ணப்பங்கள் வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, ஞாபகம் தவறியவர்களிடம் வாதாட வேண்டாம். தொண்ணூறு வயசுப் பாட்டி, "என் அண்ணா வந்தானா?" என்று கேட்டால், "அவர் போய் நாற்பது வருஷம் ஆச்சே" என்று திருத்தாதீர்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவளுக்கு அது புதுச் சாவு. "அண்ணா உனக்கு என்ன வாங்கிண்டு வருவார்?" என்று கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் சந்தோஷமாகப் பேசுவாள். படத்தில் அந்தக் கண் தெரியாத தாயிடம், இது உன் பிள்ளை இல்லை என்று நிரூபித்து யாருக்கு என்ன லாபம்?

இரண்டாவது, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு விடுப்புக் கொடுங்கள். லீவில் ஊருக்கு வந்தால் கோவில் கோவிலாகப் போவதற்கு முன்னால் இரண்டு நாள் அம்மாவின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, மன்னியைப் பிறந்த ஆத்துக்கு அனுப்பிவையுங்கள். நம் சங்கமே ஒவ்வொரு கிராமத்திலும் இப்படி முறை வைத்து உட்காரப் பத்துப் பேரைச் சேர்க்கலாம். பணம் வசூலிப்பதை விட இது கஷ்டம், ஆனால் செய்யக்கூடியதுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். இப்போது பல குடும்பங்களில் வம்சாவளி எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் புஸ்தகமாகப் போடுகிறார்கள். நல்ல காரியம். எனக்கும் நாலைந்து வந்திருக்கின்றன. படித்துப் பார்த்தால் சில கிளைகள் திடீரென்று நின்றுவிடுகின்றன. வேறு ஜாதியில் விவாகம் செய்துகொண்ட பெண், விவாகரத்தான நாட்டுப்பெண், குழந்தை இல்லை என்று அனுப்பப்பட்ட முதல் மனைவி, சண்டை போட்டுக்கொண்டு போன தம்பி. அவர்களெல்லாம் செத்துப்போகவில்லை. நாம் எழுதவில்லை, அவ்வளவுதான். சுந்தரத்தைக் காலம் கொண்டுபோயிற்று. அவயத்தைக் குடும்பம் கொண்டுபோயிற்று. காலம் செய்ததற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. குடும்பம் செய்ததைக் குடும்பம் திருத்தலாம்.

இந்தத் தடவை வம்சாவளி அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஆத்தில் இருக்கிற மூத்த பெண்மணியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். "பாட்டி, இதில் யார் பெயர் விட்டுப்போயிருக்கு?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும். அவர் சொல்கிற பெயரை, சொல்கிற இடத்தில், பக்கத்தில் காரணம் எதுவும் போடாமல், மற்றப் பெயர்களைப் போலவே எழுதுங்கள்.

சாம்பார் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.